ஆர்.வி.யில் அலுவலகம்: பிளக்கைச் சொருகும் முன் எர்த்தைச் சோதியுங்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. என்ற நடமாடும் வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு, பகலில் லேப்டாப்பில் வேலையும் மாலையில் மலையும் ஏரியுமாகக் கோடையைக் கழிப்பது நம்மவர்களுக்கும் பழகிப்போய்விட்டது. புறப்படும் முன் இணைய வேகத்தை விசாரிக்கிறார்கள், மேசைக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நாற்காலி முதுகுக்கு ஒத்துவருமா என்று உட்கார்ந்து பார்க்கிறார்கள். மின்சாரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. வண்டிகள் தங்கும் கேம்ப்கிரவுண்டில் மின்பெட்டி இருக்கும், பிளக்கைச் சொருகினால் கரண்ட் வரும் என்ற நினைப்பு. கரண்ட் வரும்தான். அது சரியான வழியில் வருகிறதா என்பதை மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கும் ஆர்.வி.க்கும் உள்ள முதல் வித்தியாசம் இது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் எர்த் போடுகிறார், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிறார், அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு அந்த வயரிங்கை யாரும் அசைப்பதில்லை. ஆர்.வி. ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அதற்கென்று சொந்தமாக எர்த் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும், மழையிலும் வெயிலிலும் கிடக்கும் ஒரு பெட்டியிலிருந்து எர்த்தை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பெட்டியில் உங்களுக்கு முன் எத்தனை பேர் பிளக்கைப் பிடுங்கி மாட்டினார்களோ, உள்ளே எந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதோ, பார்த்தால் தெரியாது. அதனால் வீட்டில் ஒரு முறை செய்தால் போதும் என்றிருக்கும் சோதனையை ஆர்.வி.யில் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் செய்ய வேண்டும்.

எர்த் அறுந்தால் என்ன ஆகும்

எந்த மின்சாதனத்திலும் கொஞ்சம் கசிவு இருக்கும். வாட்டர் ஹீட்டரின் காயில் அரித்திருக்கலாம், வண்டி குலுங்கிக் குலுங்கி ஒரு வயர் இரும்புச் சட்டத்தில் உராய்ந்திருக்கலாம், அலமாரி மாட்டியவர் ஸ்க்ரூவைக் கேபிளுக்குள் இறக்கியிருக்கலாம். எர்த் நன்றாக இருந்தால் இந்தக் கசிவு அந்தக் கம்பி வழியாகத் திரும்பிப் போய்விடும். பெரிய கசிவாக இருந்தால் பிரேக்கர் ட்ரிப் ஆகும். எர்த் அறுந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. வண்டியின் உலோக உடல் முழுவதும் ஏறி நிற்கும். கதவுக் கைப்பிடி, படிக்கட்டு, முன்னால் இழுவை வண்டியோடு சேரும் கொக்கி எல்லாமே லைவ் ஆகிவிடும். அங்கே ஆர்.வி.க்காரர்கள் இதை ஹாட் ஸ்கின் என்கிறார்கள்.

உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் காலும் கையும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. ஈரப் புல்லில் நின்றுகொண்டு கதவைத் தொடுபவருக்குத்தான் அடி. குளித்துவிட்டு வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு முதலில் அடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஈரமான தோலில் உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 120 வோல்ட் என்றால் உடல் வழியாக 120 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 100-ஐ ஒட்டி வந்தால் இதயம் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கிவிடும். இந்த நேரத்தில் 30 ஆம்பியர் பிரேக்கர் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அது 30,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் விழுவதற்காகச் செய்யப்பட்டது. பிரேக்கர் கம்பியைக் காப்பாற்றுகிறது. உங்களைக் காப்பாற்ற ஜிஎஃப்சிஐ என்ற சாதனம் வேண்டும், அது 4 முதல் 6 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுத்துவிடும். கேம்ப்கிரவுண்டுப் பெட்டியில் 20 ஆம்பியர் சாக்கெட்டில் இது இருக்கும். ஆர்.வி. மாட்டும் 30, 50 ஆம்பியர் சாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருக்காது.

எனவே கதவைத் தொட்டதும் சுள்ளென்று லேசாக ஒரு அடி அடித்தால், 'ஏதோ ஸ்டாட்டிக்' என்று தள்ளிவிடாதீர்கள். இன்று காய்ந்த மண், காலில் செருப்பு. நாளை மழை பெய்திருக்கும், செருப்பு இருக்காது. லேசான அடி என்பதற்கு எர்த் போய்விட்டது என்றுதான் பொருள்.

'அப்படியானால் பக்கத்தில் ஒரு கம்பியை மண்ணில் அடித்து வண்டியோடு கட்டிவிட்டால்?' என்று பொறியியல் படித்தவர்களே கேட்கிறார்கள். பயன் இல்லை. நன்றாக அடித்த கம்பிக்கே 25 ஓம் தடை இருக்கலாம். 120-ஐ 25-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். 30 ஆம்பியர் பிரேக்கர் விழவே விழாது, வண்டியின் உடலும் லைவாகவே நிற்கும். பிரேக்கரை விழவைப்பது மண் அல்ல. கேபிளுக்குள் ஓடி, மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகும் அந்த எர்த் கம்பிதான்.

பெட்டியின் முன் நிற்கும்போது

வாங்க வேண்டியவை மூன்று. முதலாவது, தொடாமலேயே கண்டுபிடிக்கும் பேனா டெஸ்டர். ஊரில் எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் வைத்திருக்கும் நியான் பல்பு ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் வேண்டாம். அது உங்கள் உடல் வழியாக எரிவது, காய்ந்த காலணியோடு நின்றால் மங்கிவிடும். இரண்டாவது, சாக்கெட்டில் சொருகினால் மூன்று விளக்கு காட்டும் சிறு டெஸ்டர். அதை 30 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்ட ஒரு அடாப்டர் தேவைப்படும். மூன்றாவது இ.எம்.எஸ். என்ற காவல் பெட்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வண்டியை நிறுத்தியதும் கேபிளை இழுக்காதீர்கள். பேனா டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் சாக்கெட் ஒன்றில் காட்டி, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு தரையில் நின்றபடியே மின்பெட்டியின் உலோக உடலுக்கு அருகில் கொண்டுபோங்கள். அங்கேயே கூவினால் அந்த இடம் வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள். கூவவில்லை என்றால் மூடியைத் திறந்து பிரேக்கர் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, உள்ளே கண்ணால் பாருங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக், உருகிய விளிம்பு, துரு, ஆடும் சாக்கெட், குளவிக் கூடு எல்லாம் இருக்கக் கூடும். கருகிய தடம் கண்ணில் பட்டால் மேலே எந்தச் சோதனையும் தேவையில்லை, வேறு இடம் கேளுங்கள்.

அடுத்து மூன்று விளக்கு டெஸ்டரை மாட்டிப் பிரேக்கரைப் போடுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ எர்த் இல்லாவிட்டாலோ விளக்குகள் காட்டிக் கொடுக்கும். ஆனால் அது காட்டாத ஒரு கோளாறு உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எர்த் கம்பி இல்லாத பழைய வீடுகளில், மூன்று பின் சாக்கெட் மாட்டுவதற்காகச் சிலர் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடுவார்கள். அதே இடத்தில் ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போயிருந்தால், எர்த் முனைக்கே 120 வோல்ட் வந்துவிடும். மூன்று விளக்கு டெஸ்டர் முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது, அதனால் 'எல்லாம் சரி' என்று காட்டும். பேனா டெஸ்டரை எர்த் துளையருகே கொண்டுபோனால் கூவும். அமெரிக்காவில் ஆர்.வி. மின்பாதுகாப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் மைக் சோகோல் இந்தக் கோளாற்றைத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார். கேம்ப்கிரவுண்டைவிட, நண்பர் வீட்டுப் பழைய கராஜில் இதைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம்.

எல்லாம் சரியாக இருந்தால் பிரேக்கரை அணைத்துவிட்டு இ.எம்.எஸ்.ஸை மாட்டுங்கள், பிரேக்கரைப் போட்டு அது காட்டுவதைப் படியுங்கள். திரும்ப அணையுங்கள். கேபிளை முதலில் வண்டியில் மாட்டி, அதன் பிறகு இ.எம்.எஸ்.ஸில் சொருகுங்கள். வண்டிக்குள் ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். கடைசியாகப் பிரேக்கர். கிளம்பும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பிரேக்கர் போட்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குவதால்தான் பின்கள் கருகுகின்றன. கேபிளைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுங்கள்.

இன்னும் ஒரு படி இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கரண்ட் வந்ததும் காலணியோடு வெளியே தரையில் நின்று, பேனா டெஸ்டரை வண்டியின் படிக்கட்டு, கதவுச் சட்டம், கொக்கி ஆகியவற்றின் அருகே கொண்டுபோங்கள். ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட வண்டியில் உலோகப் பகுதிகளைத் தேடிச் சோதிக்க வேண்டும். வண்டிக்கு உள்ளே நின்று சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். நீங்களும் வண்டியும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது டெஸ்டர் மௌனமாக இருக்கக் கூடும். கூவினால் எதையும் தொடாமல் பெட்டியில் பிரேக்கரை அணையுங்கள். அந்த நேரத்தில் உள்ளே யாராவது இருந்தால், அணைக்கும்வரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். நெருப்பு போன்ற காரணத்தால் இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியைத் தொட்டுக்கொண்டே தரையில் காலை வைக்கக் கூடாது. எதையும் பிடிக்காமல் இரண்டு காலும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் சில நிமிடங்கள்தான் ஆகும்.

இ.எம்.எஸ். வாங்கும்போது

கடையில் ஒரே மாதிரி தோற்றத்தில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று வெறும் சர்ஜ் புரொடெக்டர். மின்னல் போன்றவற்றால் வரும் திடீர் எழுச்சியை மட்டும் தாங்கும். இன்னொன்று இ.எம்.எஸ்., எர்த் இருக்கிறதா, ஃபேஸ் மாறியிருக்கிறதா, மின்னழுத்தம் எவ்வளவு என்று தொடர்ந்து பார்த்து, சரியில்லை என்றால் இணைப்பை அறுத்துவிடும். விலை கூடுதல்தான், ஆனாலும் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். ப்ரோக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ், ஹியூஸ், சவுத்வயர் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் பரவலாகக் கிடைக்கின்றன. வாடகை வண்டியில் இது இருக்கிறதா என்று புக் செய்யும் முன்பே கேளுங்கள்.

கோடை மதியத்தில் இதன் அருமை தெரியும். கேம்ப்கிரவுண்டில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது, கோடியில் இருக்கும் பெட்டிக்கு வரும் மின்னழுத்தம் இறங்கிவிடும். 120 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 105-க்கும் கீழே போனால் ஏசியின் கம்ப்ரஸர் அதிக கரண்ட் இழுத்துச் சூடாகிக் காயில் எரியும். நல்ல இ.எம்.எஸ். 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132-ஐத் தாண்டினாலும் துண்டித்துவிடும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. இ.எம்.எஸ். ஃபேஸ் கம்பியைத்தான் அறுக்கிறது, எர்த் கம்பியை அறுப்பதில்லை. எர்த் கம்பியிலேயே மின்சாரம் வந்தால் அது இ.எம்.எஸ்.ஸைக் கடந்து வண்டியின் உடலுக்குப் போய்விடும். பேனா டெஸ்டரை முதல் வேலையாகச் சொன்னதற்கு இதுதான் காரணம். பெரிய பெட்டி வாங்கிவிட்டோம் என்று சின்னப் பேனாவைக் கைவிடாதீர்கள்.

30-ஆ, 50-ஆ

30 ஆம்பியர் பிளக்குக்கு மூன்று பின், 120 வோல்ட். மொத்தம் 3,600 வாட். 50 ஆம்பியர் பிளக்குக்கு நான்கு பின், அதில் இரண்டு ஃபேஸ். ஒவ்வொன்றிலும் 120 வோல்ட்டில் 50 ஆம்பியர், மொத்தம் 12,000 வாட். பெயரைப் பார்த்தால் இரண்டு மடங்குகூட இல்லை என்று தோன்றும், உண்மையில் மூன்று மடங்குக்கும் மேல். 50 ஆம்பியரில் நியூட்ரல் மட்டும் விட்டுப்போனால் ஒரு பக்கம் மின்னழுத்தம் ஏறி மறுபக்கம் இறங்கும். லேப்டாப் சார்ஜர், டிவி, மைக்ரோவேவ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். இதையும் இ.எம்.எஸ். தடுக்கும்.

வீட்டு முற்றத்தில் ஆர்.வி.க்கென்று சாக்கெட் போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க எலக்ட்ரீஷியன்களுக்கு 30 ஆம்பியர் என்றதும் துணி உலர்த்தும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும், அதற்கு 240 வோல்ட். பழக்கத்தில் ஆர்.வி. சாக்கெட்டிலும் 240 கொடுத்துவிடுகிறார்கள். சொருகிய கணத்தில் வண்டிக்குள் இருக்கும் எல்லாம் எரிந்துபோகும். 'டிடி-30 சாக்கெட், 120 வோல்ட், ஒற்றை பிரேக்கர்' என்று எழுதிக் கொடுங்கள். முடித்ததும் உங்கள் கண் முன்னால் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சாதாரண வீட்டுச் சாக்கெட்டில் ஆர்.வி.யை மாட்டினால் ஜிஎஃப்சிஐ அடிக்கடி ட்ரிப் ஆகும். அப்போது கை பரபரக்கும். சிலர் ஜிஎஃப்சிஐ இல்லாத சாக்கெட்டைத் தேடுவார்கள், சிலர் எர்த் பின்னையே வெட்டிவிடுவார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். வண்டியில் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது நியூட்ரலும் எர்த்தும் வண்டிக்குள் ஒட்டியிருக்கின்றன. ஆர்.வி.யின் மின்பலகையில் அவை இரண்டும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். ட்ரிப் ஆவது கோளாறு அல்ல, கோளாறு இருப்பதைச் சொல்கிறது. அதைச் சரிசெய்யும்வரை வண்டிக்குக் கரண்ட் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

சமையலும் மீட்டிங்கும் ஒரே நேரத்தில்

30 ஆம்பியர் வண்டியில் தொடர்ந்து இழுக்கும் லோடு 24 ஆம்பியருக்குள், அதாவது 2,880 வாட்டுக்குள் இருக்கட்டும். கூரை ஏசி 12 முதல் 14 ஆம்பியர் வரை எடுக்கும். மைக்ரோவேவ் 12-ஐ ஒட்டி, மின்சாரக் கெட்டில் 12.5, இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15, வாட்டர் ஹீட்டரை மின்சாரத்தில் ஓடவிட்டால் இன்னொரு 12. ஏசி ஓடும்போது மதியச் சாப்பாட்டுக்கு இண்டக்‌ஷனில் குழம்பு வைத்தால் பிரேக்கர் விழலாம், உங்கள் மீட்டிங்கும் அறுந்துபோகலாம். சமைக்கும் அரைமணி நேரத்துக்கு ஏசியை அணைத்துவிடுங்கள். வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியை ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுவது வீட்டிலேயே தொல்லை, வண்டியில் வேண்டவே வேண்டாம். 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸி அமெரிக்காவில் கிடைக்கிறது.

குளிர்காலத்தில் சிறிய ரூம் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்குவது பெரிய ஆபத்து. பல ஆர்.வி.களில் சுவர்ச் சாக்கெட்டுகள் ஸ்க்ரூ இல்லாமல் வயரை அழுத்திப் பிடிக்கும் வகை. அதில் 12.5 ஆம்பியர் இரவு முழுக்க ஓடினால் அந்தப் பிடி சூடாகும், பின்னால் இருப்பது மெல்லிய மரப்பலகை. ஆர்.வி. தீப்பிடித்தால் வெளியேறுவதற்கு நிமிடங்கள்கூடக் கிடைக்காது. அவசர ஜன்னல் எது, எப்படித் திறப்பது என்பதை முதல் நாளே குழந்தைகளைத் திறக்கவைத்துப் பழக்குங்கள்.

ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பின் வெளியே போய், பிளக்கின் ரப்பர் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பின் தளர்ந்திருக்கிறது, லோடைக் குறைத்துவிட்டு வேறு சாக்கெட் கேளுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய ஆரஞ்சு எக்ஸ்டென்ஷன் வயரில் ஏசி ஓட்டக் கூடாது. 30 ஆம்பியருக்கு 10 கேஜ் கம்பி வேண்டும். மீதிக் கேபிளைச் சுருட்டி வைக்காமல் பரப்பிப் போடுங்கள், சுருளுக்குள் சூடு தேங்கும்.

பெட்டி இல்லாத காட்டில் ஒரு வேலை நாள்

லேப்டாப் 80 வாட், ஒரு மானிட்டர் 30, ஸ்டார்லிங்க் இணையக் கருவி 60 என்று வைத்துக்கொண்டால் 170 வாட். எட்டு மணி நேரத்துக்கு 1,360 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1,280. அதாவது ஒரு பேட்டரி ஒரு வேலை நாளுக்குப் போதாது, இதில் விளக்கும் தண்ணீர் பம்பும் சேரவில்லை. பழைய ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். இரண்டு லித்தியமும் அதற்கேற்ற சோலாரும் இருந்தால்தான் அலுவலகம் நடத்த முடியும். இன்வெர்ட்டர் சுத்தமான சைன் அலை தரும் வகையாக இருக்கட்டும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் 2,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. மெல்லிய கேபிள் பழுத்துவிடும். ஸ்பானர் தவறிப்போய் இரண்டு முனையையும் தொட்டால் உலோகமே உருகும். பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரத்தையும் வாட்ச்சையும் உலோகக் காப்பையும் கழற்றிவிடுங்கள். ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே இருக்கும் கம்பிக்குப் பாதுகாப்பே கிடையாது. லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், காற்றோட்டம் வேண்டும்.

ஜெனரேட்டரில் மின்சாரத்தைவிடப் புகை கொடியது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். கையில் தூக்கும் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை உங்கள் ஜன்னலுக்கோ பக்கத்து வண்டிக்கோ போகாத திசையில் இருக்க வேண்டும். வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கும், அதன் பின்புறம் காலாவதித் தேதியும் இருக்கும். வாடகை வண்டியில் ஏறியதும் அந்தத் தேதியைப் பாருங்கள், பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இன்னொன்று: சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அதனால் இ.எம்.எஸ். 'எர்த் இல்லை' என்று சொல்லிக் கரண்டை அனுமதிக்காது. அதற்காக இ.எம்.எஸ்.ஸைக் கழற்றிவிடாதீர்கள். நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பிளக் தனியாக விற்கிறார்கள், அதை ஜெனரேட்டரில் மட்டும் மாட்ட வேண்டும்.

பெட்டியில் மாட்டி நிற்கும்போது இடி கேட்டால் பிரேக்கரை அணைத்து பிளக்கைக் கழற்றிவிட்டு, கேம்ப்கிரவுண்டின் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். ஃபைபர் கிளாஸ் வண்டி மின்னலிலிருந்து காக்காது. கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் பொறுங்கள். கூரை ஆன்டெனாவைத் தூக்கும் முன் மேலே கம்பி போகிறதா என்று பாருங்கள், பத்தடி இடைவெளி இல்லாத இடத்தில் தூக்காதீர்கள்.

யாருக்காவது ஷாக் அடித்து வண்டியைப் பிடித்தபடி நின்றால் அவரைத் தொடாதீர்கள். வண்டிக்குள் இருக்கும் மெயினை அணைத்தாலும் எர்த் வழியாக வரும் மின்சாரம் நிற்காது. வெளியே பெட்டியில் இருக்கும் பிரேக்கரைத்தான் அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வண்டியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பாட்டிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும்கூட. பிறகு 911. மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள், கேம்ப்கிரவுண்டு அலுவலகத்தில் இதயத் துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி இருந்தால் ஓடிப்போய் எடுத்துவரச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், இதயம் பின்னரும் தடுமாறலாம்.

இதையே தொழிலாக நினைப்பவர்களுக்கு

வயரிங்கில் கை பழகியவர்களுக்கு இந்தத் துறையில் வேலை உண்டு. அமெரிக்க ஆர்.வி. தொழிலின் தலைநகரமான இண்டியானாவின் எல்கார்ட்டில் ஆர்.வி. டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, டெக்சாஸின் ஏதென்ஸ் நகரில் நேஷனல் ஆர்.வி. ட்ரெய்னிங் அகாடமி இருக்கிறது. இரண்டிலும் படிநிலைச் சான்றிதழ் உண்டு. தேசிய மின்சார விதித்தொகுப்பின் 551-ஆம் பிரிவு ஆர்.வி.க்கும் அவை நிற்கும் இடங்களுக்கும் உரியது, அதை முழுதாகப் படித்துவிட்டுப் போனால் வகுப்பு எளிதாக இருக்கும். சொந்த வண்டி வாங்குபவர்கள்கூட அடிப்படை வகுப்பு ஒன்றில் சேரலாம் என்பது என் கருத்து, செலவுக்கு மேல் பலன் உண்டு.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதைப் பக்கத் தொழிலாகச் செய்ய முடியாது. வண்டியிலிருந்து அலுவலக வேலை பார்ப்பதற்கும் வரம்பு உண்டு. வேலை செய்யும் இடம் மனுவில் குறிப்பிட்ட பெருநகரப் பகுதியைத் தாண்டி மாறினால் நிறுவனம் திருத்த மனு போட வேண்டும் என்பது, சிமியோ என்ற நிறுவனத்தின் விசா வழக்கில் 2015-இல் வந்த தீர்ப்புக்குப் பின் தெளிவாகிவிட்டது. குறுகிய காலத்துக்கு விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் புறப்படும் முன் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெட்டியில் கோளாறு கண்டுபிடித்து வேறு இடத்துக்கு மாறுபவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அன்று மாலையே இன்னொரு குடும்பம் அந்த இடத்தில் வந்து நிற்கும், அவர்களிடம் டெஸ்டர் இருக்காது. எந்த எண் இடம், எந்தச் சாக்கெட், டெஸ்டர் என்ன காட்டியது என்று எழுதி, படம் எடுத்து, கேம்ப்கிரவுண்டு அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் அந்தப் பெட்டியைப் பூட்டுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.